ஒரே தடிப்பு, இரண்டு இதயம்

எங்கள் வீட்டு பீரோவில், அம்மாவின் கல்யாணப் பட்டுக்குக் கீழே ஒரு பழுப்பு உறை இருக்கிறது. உள்ளே 2011இல் அப்பாவுக்கு எடுத்த எக்கோ, அதாவது இதய ஸ்கேன், ரிப்போர்ட். அப்போது நான் பன்னிரண்டாவது முடித்திருந்தேன். அதில் எழுதியிருந்த எதுவும் எனக்குப் புரியவில்லை. டாக்டர் ஒரே ஒரு எண்ணைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். 13.

இதயத்தின் இடது கீழறைச் சுவரின் தடிப்பு, மில்லிமீட்டரில். சாதாரணமாக ஆண்களுக்கு 10க்குள் இருக்க வேண்டியது.

அப்பா கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் சுமை தூக்கியவர். தலையில் சும்மாடு, கையில் கொக்கி, முதுகில் 50 கிலோ மூட்டை. லாரி வந்தால் விடியற்காலை 3 மணிக்கே கிளம்பிவிடுவார். பிரஷரால் இருதயம் தடித்திருக்கிறது, மாத்திரையை விடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னது வேறு: "மூட்டை தூக்குன ஒடம்புத்தா. தோளு தடிச்சிருக்கு, கையி தடிச்சிருக்கு. இருதயம் மட்டும் தடிக்காம இருக்குமா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மூன்று மாதம் மாத்திரை போட்டார். அப்புறம் "நல்லாத்தான இருக்கேன்" என்று நிறுத்திவிட்டார். 2016இல் போய்விட்டார். கடைசி ஒரு வருஷம் மல்லாந்து படுக்க முடியாது. மூன்று தலையணை வைத்து, சுவரில் சாய்ந்தபடிதான் தூங்குவார்.

இப்போது நான் மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்கோ டெக்னீஷியன். அன்றாடம் இருபது, இருபத்தைந்து இதயங்களைப் பார்க்கிறேன். போன வருஷம் ஆடி மாதம் ஒரு பையன் வந்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டு, சைக்கிள் பந்தய வீரன். தினமும் இருட்டோடு எழுந்து நத்தம் வரை மிதித்துவிட்டு வருவானாம். போட்டிக்கு உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். ஈசிஜியில் ஏதோ சரியில்லை என்று எக்கோவுக்கு அனுப்பியிருந்தார்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 46.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஜெல் தடவி, புரோபை விலா எலும்புகளுக்கு நடுவில் வைத்தேன். திரையில் இதயம் வந்தது. சுவரின் இந்தக் கரையில் ஒரு புள்ளி, அந்தக் கரையில் ஒரு புள்ளி வைத்தேன். மெஷின் எண்ணைக் காட்டியது.

13.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்தேன். அப்பாவின் ரிப்போர்ட்டை முதல் தடவையாக ஒரு டெக்னீஷியனாக வாசித்தேன். தடிப்பு ஒன்றுதான். மற்ற எதுவும் ஒன்றில்லை. பையனின் இடது கீழறை 57 மில்லிமீட்டர் விரிந்து, ரத்தத்தை நிறைய வாங்கிக்கொள்கிற பெரிய அறையாக இருந்தது. அப்பாவுடையது 43. சுவர் உள்நோக்கித் தடித்து அறையைக் குறுக்கியிருந்தது. இன்னொரு அளவு எனக்கு இன்னும் முக்கியம். இதயம் சுருங்கி முடித்துத் தளரும்போது தசை எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதை டாப்ளரில் பார்ப்போம். பையனுக்கு அந்த அலை திரையின் அடிவரை போயிற்று. நல்ல ரப்பர் போல. அப்பாவின் ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்த படத்தில் அது குட்டையாக, சோர்ந்து போய் இருந்தது. இலவம்பஞ்சு மெத்தை வருஷக்கணக்கில் படுத்துப் படுத்து இறுகிப்போகுமே, அப்படி ஒரு இறுக்கம்.

சரி, ஒரே தடிப்பு எப்படி இரண்டு விதமான இதயமாகிறது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சில மாதங்கள் ராத்திரியெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் என் மனதில் தங்கியது மைக்ரோஆர்என்ஏ.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பா சொன்னது முழுக்கத் தப்பில்லை. சுமை ஏறினால் இதயமும் தடிக்கத்தான் செய்யும். ஆனால் இதயத் தசைச் செல்கள், வளர்ந்த மனிதருக்கு, எண்ணிக்கையில் ஏறக்குறைய பெருகுவதே இல்லை. 25 வயதில் வருஷத்துக்கு 100க்கு 1 செல் புதிதாகிறது, 75 வயதில் அரைக்கும் குறைவு. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்து 2009இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆக, இதயம் பெருக்கிறது என்றால் பெரும்பாலும் இருக்கிற செல்லே அளவில் பெரிதாகிறது. அதற்கு உள்ளே புதுப்புதுப் புரதங்களைச் செய்து அடுக்க வேண்டும். எதை, எவ்வளவு, எப்போது செய்வது? அந்த உத்தரவில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்பா வேலை பார்த்த மண்டியை வைத்தே இதை நான் புரிந்துகொண்டேன். முதலாளி உள்ளே கல்லாவில் பேரேட்டோடு உட்கார்ந்திருப்பார். பேரேடு வெளியே வராது. அதைப் பார்த்து எழுதிய துண்டுச் சீட்டுதான் வெளியே வரும்: இந்த லாரிக்கு இத்தனை மூட்டை. சீட்டு கைக்கு வந்தால்தான் சுமை ஏறும். செல்லில் பேரேடு டிஎன்ஏ, துண்டுச் சீட்டு தூது ஆர்என்ஏ, ஏறுகிற மூட்டை புரதம். ரொம்ப நாளாக அறிவியலும் இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தது. ஆனால் மண்டி வாசலில் ஒரு கணக்கப்பிள்ளை நிற்பார். வருகிற சீட்டை வாங்கிப் பார்ப்பார். சிலதைக் கிழித்துப் போடுவார், சிலதைப் பையில் செருகி வைத்துக்கொள்வார். முதலாளி எழுதியது என்னவோ எழுதியதுதான், ஆனால் எத்தனை மூட்டை ஏறும் என்பது கணக்கப்பிள்ளை கையில். மைக்ரோஆர்என்ஏ அந்தக் கணக்கப்பிள்ளை.

சுமார் 22 எழுத்து நீளமே உள்ள சின்னஞ்சிறு ஆர்என்ஏ துண்டு அது. எந்தப் புரதத்தையும் தானாகச் செய்யாது. அதன் தலைப்பக்கத்து ஏழெட்டு எழுத்துகள் எந்தச் சீட்டின் வாலோடு பொருந்துகின்றனவோ, அந்தச் சீட்டைப் பிடித்து நிறுத்திவிடும். ஒரே மைக்ரோஆர்என்ஏ நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் பிடிக்கும். ஆனால் எந்தப் புரதத்தையும் அடியோடு நிறுத்திவிடாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் குறைக்கும். நம் உடம்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோஆர்என்ஏ மரபணுக்கள் இருக்கின்றன.

இதை முதலில் கண்டது 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில். விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 1993இல் வெளியிட்டார்கள். புழுவுக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்று உலகம் ஏழு வருஷம் கண்டுகொள்ளவில்லை. 2000இல் ருவ்குன் குழு இரண்டாவதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அது மனிதன் வரை பல வகை விலங்குகளிலும் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். 2024இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இதயத்துக்கு இந்தக் கதை வந்து சேர்ந்தது 2006, 2007 வாக்கில். எலியின் இதயத்தைத் தடிக்க வைப்பதற்கு ஆய்வகங்களில் ஒரு முறை உண்டு. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் மேல் ஒரு மெல்லிய ஊசியை வைத்து, இரண்டையும் சேர்த்து நூலால் கட்டி, ஊசியை மட்டும் உருவிவிடுவார்கள். தமனி ஊசியின் பருமனுக்குக் குறுகிவிடும். அந்த நெருக்கலை எதிர்த்து அடித்து அடித்தே இதயம் தடிக்கும், பிறகு சோர்ந்து விரியும். படிக்கும்போது எனக்கு அப்பாவின் 180/110 பிரஷர் நினைவுக்கு வந்தது. ஊசியும் நூலும் இல்லையே தவிர, அவருக்கு நடந்ததும் அதுதான்.

இப்படி நெருக்கப்பட்ட எலிகளின் இதயத்தில் எந்தெந்த மைக்ரோஆர்என்ஏ கூடுகிறது, எது குறைகிறது என்று டெக்சாஸில் எரிக் ஓல்சனின் ஆய்வகம் 2006இல் பட்டியலிட்டது. கூடியவற்றில் ஒன்று மிர்-195 (மைக்ரோஆர்என்ஏவைச் சுருக்கி 'மிர்' என்று எண் போட்டு அழைப்பார்கள்). எலியின் இதயத்தில் அதை மட்டும் அதிகமாகச் சுரக்க வைத்ததும், எந்த நெருக்கலும் இல்லாமலே இதயம் விரிந்து செயலிழந்தது. சீட்டைப் பிடிக்கிற கணக்கப்பிள்ளை ஒருவரை மாற்றினாலே மண்டி கவிழ்கிறது.

அடுத்த வருஷம் வந்தது மிர்-208. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. இதயத் தசையை இழுத்துச் சுருக்குகிற மயோசின் என்ற புரதத்தின் மரபணு இருக்கிறது அல்லவா, அதற்குள்ளேயே, புரதத்துக்குத் தேவைப்படாத ஒரு பகுதியில், இந்த மைக்ரோஆர்என்ஏ ஒளிந்திருக்கிறது. மயோசின் சீட்டு எழுதப்படும்போதெல்லாம் இதுவும் கூடவே பிறக்கிறது. இதை நீக்கிய எலியின் தமனியைக் கட்டினால் இதயம் தடிக்க மாட்டேன் என்கிறது. பிறகு 2011இல், ரத்த அழுத்தம் ஏறும் எலி வகை ஒன்றுக்கு மிர்-208ஐ அடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். இதயத்தின் செயல் மேம்பட்டது, எலிகள் அதிக நாள் வாழ்ந்தன. எலியின் இதயம் நிமிடத்துக்கு அறுநூறு தடவை துடிப்பது, அதன் மயோசின் கலவையும் நம்முடையதிலிருந்து வேறுபட்டது. அதனால் எலியில் நடந்ததை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் உடற்பயிற்சி எலிகளிடம் வந்தேன். எலியை நீந்த விடுவார்கள். முதல் நாள் 10 நிமிடம், நாளுக்கு நாள் கூட்டி, 90 நிமிடம் வரை, தினம் இரண்டு வேளை. சில வாரங்களில் அதன் இதயமும் பெருக்கும். என் சைக்கிள் பையன் மாதிரி. அப்படிப் பெருத்த இதயத்தில் கூடியிருந்த மைக்ரோஆர்என்ஏக்களில் மிர்-222ஐப் பற்றி 2015இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதை அடக்கிவிட்டு எலியைப் பயிற்சி செய்ய வைத்தால் இதயம் வளரவில்லை. அதைக் கூடுதலாகப் பெற்ற எலிகளின் இதயம், ரத்த ஓட்டம் தடைபட்டுத் திரும்பிய பிறகு வரும் கெடுதலை நன்றாகத் தாங்கியது. இதயச் செயலிழப்பு உள்ள நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தபோது அவர்கள் ரத்தத்திலும் மிர்-222 ஏறியிருந்தது.

இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. நல்ல தடிப்புக்கு ஒரு கணக்கப்பிள்ளை, கெட்ட தடிப்புக்கு ஒரு கணக்கப்பிள்ளை, விஷயம் முடிந்தது என்று தோன்றியது. முடியவில்லை. அடுத்த வருஷமே வேறொரு குழு மிர்-222ஐ எலியின் இதயத்தில் பல மடங்கு சுரக்க வைத்தது. அந்த எலிகளுக்கு இதயச் செயலிழப்பு வந்தது. செல் தன் குப்பையைத் தானே தின்று சுத்தம் செய்கிற வேலை நின்றுபோயிருந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று ஆச்சி சாப்பாட்டுக்குச் சொன்னது இங்கேயும் சரியாக இருக்கிறது.

மிர்-133 இன்னும் தலையைச் சுற்ற வைத்தது. அது வளர்ச்சிச் சீட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஆள். அதை மருந்தால் அடக்கினாலே எலியின் இதயம் தடிக்கிறது. 2007இல் வெளியான அந்த ஆய்வில், தமனி கட்டிய எலியிலும் மிர்-133 குறைந்திருந்தது, உடற்பயிற்சி செய்த எலியிலும் குறைந்திருந்தது. வளர வேண்டும் என்றால், நல்லதோ கெட்டதோ, வாசலில் நிற்கிற இவர் விலகி வழிவிட்டாக வேண்டும் போலிருக்கிறது. இரண்டு இதயமும் ஒரே வாசலைத்தான் கடக்கின்றன. அதற்கப்புறம்தான் பாதை பிரிகிறது.

எங்கே பிரிகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் மிர்-29. தசைச் செல்களுக்கு இடையில் கொலாஜன் என்ற நார் இருக்கிறது. கொலாஜன் சீட்டுகளைப் பிடித்து நிறுத்துவது மிர்-29. மாரடைப்பு வந்த இதயத்தில், காயத்தை ஒட்டிய பகுதியில், மிர்-29 குறைகிறது. நார் தாறுமாறாக ஏறுகிறது. நீந்திப் பெருத்த எலியின் இதயத்தில் இதற்கு நேர்மாறு: மிர்-29 கூடுகிறது, கொலாஜன் குறைகிறது. இதை வாசித்தபோது என் டாப்ளர் திரை கண்முன் வந்தது. பையனின் அலை அடிவரை போனதும், அப்பாவின் அலை குட்டையாக நின்றதும். நான் ஒரு கோட்டின் உயரமாக அளப்பது, உள்ளே நார் எவ்வளவு என்பதையும் சேர்த்துத்தான்.

மிர்-21ஐப் பற்றிச் சண்டையே நடந்தது. நார் செய்யும் செல்களில் அது கூடி, நோயை முற்ற வைக்கிறது, அடக்கினால் குணமாகிறது என்று 2008இல் ஒரு ஜெர்மானியக் குழு சொன்னது. அதை அடியோடு நீக்கிய எலிக்கும் தமனியைக் கட்டினால் தடிப்பு வரத்தான் செய்கிறது என்று 2010இல் அமெரிக்காவிலிருந்து மறுத்தார்கள். இப்படி நேருக்கு நேர் மறுத்துக்கொள்வதைப் படிக்கும்போது எனக்கு நம்பிக்கை கூடத்தான் செய்தது.

மனிதர்களிடம் அதிக தூரம் வந்திருப்பது மிர்-132. ரத்த அழுத்தச் சுமையில் இதைக் குறைத்தால் எலி தப்பிக்கிறது என்று 2012இல் கண்டார்கள். இதை அடக்கும் மருந்து, இதயச் செயலிழப்பு உள்ள 28 பேரை வைத்து முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டு, முடிவுகள் 2021இல் வெளியாயின. பெரிய பக்கவிளைவு இல்லை. 28 பேரை வைத்து மருந்து வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தக் கட்டுரையை பிரிண்ட் எடுத்து, அப்பாவின் ரிப்போர்ட் இருக்கிற அதே உறையில் வைத்திருக்கிறேன்.

சுமை எத்தனை நேரம் என்பதுதானே வித்தியாசம் என்று என்னோடு வேலை பார்க்கும் அக்கா கேட்டார். பையன் மூன்று மணி நேரம் மிதிக்கிறான், மீதி நேரம் இதயம் ஓய்வெடுக்கிறது. பிரஷர் ராத்திரி பகலாக ஓய்வே கொடுக்காது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எலியின் தமனியை விட்டு விட்டு, கொஞ்ச நேரம் மட்டும் நெருக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2006இல் வந்திருக்கிறது. அப்போதும் இதயம் கெட்டது, ரத்த நுண்குழாய்கள் குறைந்தன. ஆக, நேரம் மட்டும் காரணமில்லை. எந்த மாதிரிச் சுமை, அது எந்தச் சமிக்ஞையோடு வருகிறது என்பதும் கணக்கில் வருகிறது.

என் மகள் வயிற்றில் இருந்தபோது என் இதயமும் வளர்ந்திருக்கும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அதைத் தள்ள இதயம் பெருத்துக்கொள்கிறது, பிரசவமாகிச் சில மாதங்களில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. மதுரையில் எத்தனை பெண்கள் தங்களுக்குத் தெரியாமலே இதைச் செய்து முடித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

பையனை டாக்டர் உடனே அனுப்பிவிடவில்லை. இத்தாலியில் 947 தேர்ந்த விளையாட்டு வீரர்களை அளந்த ஆய்வில் 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவர்கள் 16 பேர்தான். சைக்கிள் வீரர்களுக்கும் படகு வலிப்பவர்களுக்கும் அது வரலாம், ஆனால் அரிது. பரம்பரையாக வரும் தசைத்தடிப்பு நோயாகவும் இருக்கலாம். வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று அவன் அம்மாவிடம் டாக்டர் ரொம்ப நேரம் கேட்டார்.

நம் ஊரில் அந்தக் கேள்விக்குத் தனி காரணம் உண்டு. இதயத் தசையின் இன்னொரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம், தெற்காசியாவில் 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு இருக்கிறது. வயதான பிறகு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. 2009இல் இதை உலகுக்குச் சொன்ன ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் பங்கு உண்டு. நாகமலையைத் தாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடங்களை நான் இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

மூன்று மாதம் சைக்கிளைத் தொடாதே, திரும்ப எக்கோ எடுப்போம் என்றார் டாக்டர். பயிற்சியால் வந்த தடிப்பு ஓய்வில் இறங்கும். நோயால் வந்தது இறங்காது. பையன் அழுதுவிட்டான். மாநிலப் போட்டி அந்த இடைவெளியில் வந்தது.

ஐப்பசி அடைமழையில் நனைந்துகொண்டே வந்தான். எடை கூடியிருந்தது, முகம் வாடியிருந்தது. படுக்க வைத்து, அதே இடத்தில், அதே கோணத்தில் புள்ளி வைத்தேன். கை லேசாக நடுங்கியது என்பதால் மூன்று தடவை அளந்தேன். 11, 11, 11. நான் ஒன்றும் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஓட்டலாமாக்கா?" என்றான். "டாக்டர் ரூமுக்குப் போ தம்பி" என்றேன். படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்குகிற சத்தம் கால் மணி நேரத்தில் கேட்டது.

அடுத்த டோக்கன் ஐம்பது வயதுக்காரர். தோளில் அழுக்கேறிய துண்டு. கழுத்துப் பக்கம் சுமை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தோல். எந்த மண்டி என்று நான் கேட்கவில்லை. எக்கோவுக்கு முன்னால் பிரஷர் பட்டையைக் கையில் சுற்றினேன். 170/104.

"மாத்திரை போடுறீங்களாண்ணே?"

"போட்டேந்தா. இப்ப நல்லாத்தான இருக்கு, நிப்பாட்டிட்டேன்."

வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். நான் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.